கிராங்பைட்டுக்கு எந்த ராடு: கிளாஸா, கிராஃபைட்டா, இரண்டும் கலந்ததா?

பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு ராடு (தூண்டில் கம்பு) வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள்: கையில் இலேசாக இருக்கிறதா, நுனி விறைப்பாக நிற்கிறதா, அடியில் கல் தட்டினால் உள்ளங்கைக்குத் தெரியுமா. ஜிக்கோ (கனமான தலையுள்ள தூண்டில் முள்) ரப்பர் புழுவோ வீசுகிறவருக்கு இது சரியான சோதனை. இழுக்கும்போது மீன்போல ஆடி ஓடும் கடினமான செயற்கை இரையான கிராங்பைட்டுக்கும் இதையே அளவுகோலாக வைத்தால் கடித்த மீன் கைக்கு வராது.

காரணம் தூண்டில் முள்ளில் இருக்கிறது. ஜிக்கில் தடித்த ஒற்றை முள். ஓங்கி இழுத்துத்தான் அதை ஏற்ற வேண்டும். கிராங்பைட்டின் வயிற்றிலும் வாலிலும் மெல்லிய மும்முனை முட்கள் தொங்கும். ஓடும் இரையைப் பாஸ் கவ்வும்போது அவற்றில் ஒன்றிரண்டு முனைகள் வாயோரத்து மெல்லிய சவ்வில் தைத்தால் அதிகம். வெடுக்கென்று இழுத்தால் சவ்வு கிழிந்து துளை பெரிதாகும். படகருகே மீன் துள்ளித் தலையை உதறும்போது முள் கழன்றுவிடும்.

ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழை) ராடு இங்கேதான் கைகொடுக்கிறது. அது நுனியோடு நிற்காமல் பாதி நீளம்வரை வளையும், மெதுவாகத்தான் நிமிரும். அந்தக் கணநேரத் தாமதத்தில் மீன் இரையை நன்றாக வாங்கிக்கொள்கிறது. ஆழமில்லாத நீரில் சதுர உதட்டு (முகத்தில் நீட்டிய தகடு) கிராங்பைட்டை மரக்கட்டைகளுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். கட்டையில் 'டொக்'கென்று மோதும், பக்கவாட்டில் துள்ளி விலகும். கடி விழுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். விறைப்பான ராடு பிடித்திருந்தால் மோதலுக்கே கை அனிச்சையாக இழுத்துவிடும். கிளாஸ் ராடு அந்த அவசரத்தை விழுங்கிவிடும். 1970களில் கிராஃபைட் (கார்பன் இழை) வந்து கிளாஸை ஓரங்கட்டிய பிறகும் கிராங்பைட்காரர்கள் அதை விட்டுவிடாததற்கு இதுதான் காரணம். பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற அமெரிக்க பாஸ் தூண்டில் போட்டியை நான்கு முறை வென்ற ரிக் கிளன், 1993இல் அலபாமாவின் லோகன் மார்ட்டின் ஏரியில் கிராங்பைட்டால் அதே பட்டத்தை வென்ற டேவிட் ஃபிரிட்ஸ் இருவருமே நிதானமாக வளையும் ராடுகளுக்காகப் பேசியவர்கள். குறை என்றால் எடை. நாள் முழுக்க வீசினால் மணிக்கட்டு சொல்லிவிடும்.

கிராஃபைட்டை முழுக்க ஒதுக்கவும் முடியாது. அலபாமாவின் குண்டர்ஸ்வில் போன்ற பாசி மண்டிய ஏரியில் உதடில்லாத கிராங்பைட்டை ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி மேல் ஓட்டும்போது கதையே வேறு. இரை பாசியில் சிக்க வேண்டும், சட்டென்று சுண்டி விடுவிக்க வேண்டும். விடுபட்டுப் பாயும்போதுதான் கடி. கிளாஸ் ராடால் சுண்டினால் ராடு வளையுமே தவிர பாசி அறுபடாது. ஒரு கொத்துப் புல்தான் கரைக்கு வரும். இந்த ஒரு வேலைக்கு நான் தயங்காமல் கிராஃபைட்டைச் சொல்வேன், அதிலும் நுனி சற்று இளகியதை.

மிச்சமிருப்பது காம்போசிட், அதாவது இரண்டும் கலந்தது. கிளாஸ் அளவுக்கு இளகாது, கிராஃபைட் அளவுக்கு உணர்த்தாது என்று இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரையின் துடிப்பு கைக்குத் தெரிய வேண்டும்: துடிப்பு மாறினால் உதட்டில் இலை ஒட்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம், அடி சேறா கல்லா என்றும் ஊகிக்கலாம். அதே ராடு மீன் கடித்ததும் வளைந்தும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஓரளவுக்கு ஒன்றாகக் கிடைப்பது இதில்தான். ஒரே ஒரு ராடு வாங்க முடிந்தவர் காம்போசிட் வாங்கட்டும்: 7 அடி, நடுத்தர வலு, மிதமான வளைவு.

ஆழத்துக்குப் போனால் பொருளைவிட நீளம் முக்கியம். டென்னசி ஆற்றுப் படுகையில் கெண்டக்கி, பிக்விக் ஏரிகளின் விளிம்புத் திட்டுகளில் கோடைக்காலத்தில் 15, 20 அடி ஆழத்தில் மீன் கூட்டமாக நிற்கும். ஆழ கிராங்பைட் எறிந்த இடத்திலிருந்தே ஆழத்தில் ஓடாது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நடுவில் மட்டும் முழு ஆழத்தில் ஓடி, பிறகு படகை நோக்கி ஏறிவிடும். எறிதூரம் கூடினால் அந்த நடுப்பகுதியும் நீளும். அதனால் ஏழரை அடிக்குக் குறையாத ராடு, வலு ஒரு படி கூடுதலாக. லைன் (தூண்டில் நரம்பு) 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளோரோகார்பன் போதும். தடிமன் கூடக் கூட இரை இறங்கும் ஆழம் குறையும்.

கடையில் ஏமாற்றுவது பெரும்பாலும் விலையல்ல, வலுவையும் வளைவையும் குழப்பிக்கொள்வதுதான். 'மீடியம்' என்று எழுதியிருப்பது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்கிறது; எந்த இடத்தில் வளையும் என்பதைச் சொல்வது 'மாடரேட்', 'ஃபாஸ்ட்' என்ற சொல். நுனியை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, கைப்பிடியை மெதுவாக உயர்த்துங்கள். வளைவு நுனியில் கால்பங்கோடு நின்றுவிட்டால் அட்டையில் கிராங்பைட் ராடு என்றே போட்டிருந்தாலும் வைத்துவிடுங்கள். நடுப்பகுதிவரை வந்தால் ரீலை மாட்டி, பாரம் ரீலுக்கு முன்னால் சாயாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.