என்ஐஓஎஸ் வரலாறு (315): மதுரையில் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்குப் போதுமா?

பிளஸ் டூ வரலாற்றை வீட்டிலேயே படித்து முடிக்க, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ்ஸின் வரலாற்றுப் பாடம் (பாட எண் 315) தாராளமாகக் கைகொடுக்கும். பாடநூலை இணையத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடங்களுக்கு நடுநடுவே கேள்விகள் வருவதால் ஆசிரியர் இல்லாமலும் படிப்பு நகரும். பண்டைய, இடைக்கால, நவீன இந்தியா, இருபதாம் நூற்றாண்டு உலகம், அதோடு ஒரு விருப்பப் பகுதி. விருப்பப் பகுதியில் பண்பாட்டை எடுங்கள். கோயிலும் மகாலும் பக்கத்திலேயே இருக்கும் ஊர் இது. குறை இரண்டு: தென்னகம் மெலிந்து கிடக்கிறது, 1900க்கு முந்தைய உலகம் பெயரளவுக்குத்தான்.

வாரம் 6 மணி நேரம், 40 வாரம், ஆக 240 மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறில் மூன்று வாசிப்புக்கு, இரண்டு விடை எழுதிப் பார்க்க, ஒன்று வரைபடத்துக்கு. பலர் கோட்டைவிடுவது கடைசி ஒன்றில்தான். தேர்வில் இந்திய வரைபடத்தைக் கொடுத்து இடம் குறிக்கச் சொல்வார்கள். வாசித்தால் மட்டும் அது கைவராது, வெற்று வரைபடத்தில் வாராவாரம் குறித்துப் பழக வேண்டும். பண்டைய இந்தியா 60, இடைக்காலம் 50, நவீனம் 60, உலகம் 50, பண்பாடு 20 என்று பிரிக்கலாம்.

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். அங்கே பள்ளிப் படிப்பைக் கிரெடிட் என்ற அளவில் கணக்கிடுவார்கள்; சுமார் 120 மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட். 240ஐப் பார்த்ததும் "இந்திய வரலாறு 1, உலக வரலாறு 1" என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். இந்தியப் பகுதிக்கு 190 மணி நேரம் வருவதால் ஒன்றரை கிரெடிட் நியாயம். உலகத்துக்கு 50தான். மீதி 70 மணி நேரத்துக்குத் தமிழக அரசின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலின் பின்பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் புரட்சி, ஏகாதிபத்தியம் எல்லாம் அங்கே தமிழிலேயே இருக்கிறது. தென்னகத்துக்கு அதே அரசின் பதினோராம் வகுப்பு நூல்.

பிறகு ஊர். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் கீழடி. அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் படிப்பு நேரக் கணக்கில் சேராது. அங்கே இருப்பதில் ஒரே ஒரு பானைத் துண்டை மட்டும் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கருப்பு சிவப்புப் பானைத் துண்டில் 'ஆதன்' என்று கீறிய பெயரை எழுத்தெழுத்தாக வரைந்து, இன்றைய எழுத்தைக் கீழே எழுதி, பானையில் ஏன் ஆள் பெயர் என்று ஒரு பக்கம் எழுதட்டும். அதே கையோடு மாங்குளம் குகைக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரைத் தேடலாம். திருமலை நாயக்கர் மகாலில் கேள்வியே வேறு: 1636இல் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான், மற்றது எங்கே போனது? காந்தி அருங்காட்சியகத்துக்குப் போகும் நாளில் மேலமாசி வீதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது அங்கேதான்.

டிஎம்ஏ என்னும், ஆசிரியர் மதிப்பெண் போடும் ஒப்படைப்பை அசட்டை செய்ய வேண்டாம். மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு அதற்குத்தான். தேர்ச்சிக்கு 33 போதும் என்பதால் பலர் அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். உயர்கல்வியில் சேரும்போது அந்த 20 இல்லாத குறை தெரியும். பதிவேற்றியதும் ஒப்புகையை அச்செடுத்து, படித்த நேரத்தைக் குறித்துவைக்கும் நோட்டோடு ஒரே கோப்பில் வையுங்கள்.