பாஸ்தா பேக்: வடித்துச் சுடுவதா, பச்சையாகச் சுடுவதா? மலைக்கு ஏற்ற கணக்கு

தக்காளி சாஸும் சீஸும் போட்டு ஓவனில் சுடும் பாஸ்தாவுக்கு வழி இரண்டு. முக்கால் வேக்காட்டில் வடித்து, சாஸில் புரட்டிச் சுடலாம். அல்லது பச்சைப் பாஸ்தாவை நீர்த்த சாஸில் கொட்டி, மூடிச் சுடலாம். பிரியாணி வீட்டில் இது பழைய வழக்கு: அரிசியை வடித்துத் தம் போடுவதா, தண்ணீர் அளந்து பச்சையாகப் போடுவதா? ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் அடுப்புக்கு என் ஓட்டு வடிப்பதற்குத்தான். மேட்டுப்பாளையத்தில் சமைப்பவரிடம் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

பச்சையாகச் சுடுவதன் வசதி எல்லாருக்கும் தெரிந்தது. பாத்திரம் ஒன்று குறையும், வடிதட்டு கழுவ வேண்டாம், இரண்டரை லிட்டர் தண்ணீர் மிச்சம். குழாய் வராத கோடை வாரங்களில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இங்கே வழக்கை முடிப்பது கொதிநிலை. சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு 1 டிகிரி இறங்கும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரி என்றால், 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் 94, 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஏறத்தாழ 93. கொடைக்கானலும் கிட்டத்தட்ட ஊட்டிக் கணக்குதான். உப்பு போட்டால் தண்ணீர் கூடுதலாகச் சுடும் என்பார்கள். லிட்டருக்கு 10 கிராம் போட்டாலும் கால் டிகிரிகூட ஏறாது. உப்பு ருசிக்கு மட்டும்.

ஓவனுக்கும் இதே கதை. குமிழை 200-இல் வைத்தாலும் 230-இல் வைத்தாலும், சாஸில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 93-ஐத் தாண்டாது. சூட்டைக் கூட்டினால் ஓரமும் மேற்புறமும் கருகும், நடுவில் கிடக்கும் பென்னே (குழாய் வடிவப் பாஸ்தா) பச்சையாகவே இருக்கும். போதாக்குறைக்கு சாஸ் கெட்டி. தண்ணீர்போல் புரண்டு கொதிக்காது, ஆறிய சாஸ் என்றால் நடுவில் சூடு ஏறவே 20 நிமிடம் பிடிக்கும். அதற்குள் ஓரத்து நீர் வற்றிவிடும். ஒரே தட்டில் ஓரம் வறட்டி, நடு நறுக்கு என்று வருவது இதனால்தான். அப்போது மேலே தண்ணீர் தெளித்துப் பயனில்லை; சாஸ் நீர்த்துப்போகுமே தவிர, ஏற்கெனவே தோல் இறுகிய பாஸ்தா அதைக் குடிக்காது.

வடிப்பவருக்கு இந்தச் சிக்கல் பாதியாகக் குறையும், ஏனென்றால் நேரத்தைக் கண்ணால் பார்த்துக் கூட்டலாம். சமவெளிக் குறிப்புகள் 'பாக்கெட்டில் சொன்னதைவிட 3 நிமிடம் முன்னதாக இறக்கு' என்று சொல்லும். ஊட்டியில் அதைக் கேட்கவே கூடாது. பாக்கெட் சொல்லும் நேரமே இங்கே முக்கால் வேக்காடு. 11 நிமிடம் என்று போட்டிருந்தால் 11 நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். குழாய்ச் சுவரின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் வடிக்கலாம். தடித்த வெள்ளை வளையமாகத் தெரிந்தால் இன்னும் 2 நிமிடம். கோடே இல்லை என்றால் தாமதம், ஓவனில் குழைந்துவிடும். டூரம் என்ற கெட்டிக் கோதுமை ரவையில் செய்த பாஸ்தாதான் இதைத் தாங்கும். மைதா கலந்ததில் உள்ளே வேகுமுன் மேலே பசை கட்டும்.

நாலு பேருக்கு அளவு: பென்னே 250 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர், உப்பு 20 கிராம். சாஸுக்குத் தக்காளி 1 கிலோ. சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளி முக்கால் பங்கு, புளிப்புக்கு நாட்டுத் தக்காளி கால் பங்கு. வற்றியபின் அரை லிட்டர் நிற்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் மூன்று பல் போதும், காரம் அதிகம். வடித்த கஞ்சித் தண்ணீரில் 100 மில்லி சேர்த்தால் சாம்பார் பதம் வரும், அதுவே சரி. கெட்டிச் சாஸில் புரட்டினால் மிச்சக் கால் வேக்காட்டுக்கு நீர் இருக்காது.

காய்களில் கேரட்டைக் கவனியுங்கள். தக்காளியின் புளிப்பு அதை இளக விடாது. பச்சையாகப் போட்டால் எவ்வளவு சுட்டாலும் கடிபடும். முதலிலேயே எண்ணெயில் முக்கால் பதம் வதக்கிவிட வேண்டும். காளானைத் தண்ணீர் சுண்டும்வரை தனியே வதக்குங்கள். பீன்ஸ், காலிஃபிளவர் எப்படிப் போட்டாலும் பெரிய குற்றமில்லை.

சுடுவது: 15 நிமிடம் முன்சூடு, 200 டிகிரி, ஃபாயில் மூடி 15 நிமிடம். பிறகு 150 கிராம் மொஸரெல்லாவும் 50 கிராம் செடாரும் துருவித் தூவி, திறந்து 10 நிமிடம். பதப்படுத்திய சீஸ் மட்டும் போட்டால் இழை வராது, தோல் கட்டும். சைவக்காரர்கள் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள். அசல் பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டி இரைப்பையின் ரென்னட் (பாலைத் திரிக்கும் நொதி) சேரும். குளிர்ந்த கண்ணாடித் தட்டை நேரே சூட்டில் வைத்தால் விரிசல் விடும். வெதுவெதுப்பான நீரில் அலசி, துடைத்து, பிறகு நிரப்புங்கள்.

இத்தனைக்கும் பிறகு பச்சையாகத்தான் சுடுவேன் என்றால், அரை லிட்டர் சாஸோடு 400 மில்லி தண்ணீர் சேர்த்துத் தளதளவெனக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். பாஸ்தா முழுக்க மூழ்க வேண்டும். இரட்டை ஃபாயில், 50 நிமிடம், பாதியில் ஒருமுறை கிளறல். சீஸ் அதற்கும் பிறகு, திறந்து சுடும் கடைசி 10 நிமிடத்தில் மட்டும். முதலிலேயே போட்டால் ரப்பர். மெல்லிய லசான்யா தகடுகளுக்கு இந்த வழி ஓரளவு ஒத்துவரும். குக்கரில் பாதி வேகவைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. உள்ளே 115 டிகிரி தாண்டுவதால் உயரம் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் மாவு நுரை விசில் துளையை அடைக்கும். எத்தனை விசில் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் கை பழகவில்லை.

செலவிலும் பச்சை வழி ஜெயிப்பதாகத் தெரியவில்லை. குளிர்ந்த குழாய்த் தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைக்க சுமார் 30 கிராம் காஸ், வேகும் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம். அதை மிச்சம் பிடிக்க 1,500 வாட் ஓவனைக் கூடுதலாக 35 நிமிடம் ஓட்ட வேண்டும். அரை யூனிட்டுக்கு மேல் போகும். நடுவில் கரண்ட் போனால் வடித்த பாஸ்தாவை அடுப்பில் வாணலியில் மூடி முடித்துவிடலாம். பாதி வெந்த பச்சைப் பாஸ்தா சாஸில் ஊறி, வெளியே கொழகொழ, உள்ளே மாவு.

இறக்கியதும் 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள், ஆனால் மேடைக் கல்லில் வைக்காமல் மடித்த துணிமேல். இங்கத்திக் குளிரில் சீஸ் அதற்குள் இறுகிவிடும். மறுநாள் சூடு பண்ணும்போது ஒரு துண்டுக்கு இரண்டு ஸ்பூன் பால் தெளித்து மூடி வையுங்கள்.