ஃப்ளூ வைரஸின் ஃபியூஷன் பெப்டைடு: சார்ம்36-ஆ, மார்ட்டினி 3-ஆ?

இன்ஃபுளுவென்சாவின் எச்ஏ2 புரத நுனியில் இருக்கும் 23 அமினோ அமிலத் துண்டு (வைரஸைச் செல்லின் சவ்வோடு இணைய வைக்கும் ஃபியூஷன் பெப்டைடு), கொலஸ்ட்ரால் கலந்த பிஓபிசி என்ற லிப்பிட் (கொழுப்பு) சவ்வில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, தன்னைச் சுற்றி எந்த லிப்பிடைச் சேர்க்கிறது என்று பார்க்கத்தான் கணினி சிமுலேஷன் என்றால், சில அணுக்களை ஒரே மணியாகச் சேர்த்துக் கணக்கிடும் மார்ட்டினி 3-இல் ஆரம்பியுங்கள். அணு அணுவாகக் கணக்கிடும் சார்ம்36 பிறகு வரட்டும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிஓபிசியும் அதன் பங்குக்கு 40 தண்ணீரும் சார்மில் 254 அணுக்கள், மார்ட்டினியில் 22 மணிகள். கணக்கீட்டின் ஒவ்வொரு நேர அடியும் 2 ஃபெம்டோநொடிக்குப் பதில் 20.

தீர்மானிக்கும் விஷயம் லிப்பிடுகள் இடம் மாறிக் கலக்க ஆகும் நேரம். பக்கவாட்டுப் பரவல் நொடிக்கு 8 சதுர மைக்ரோமீட்டர் என்று வைத்தால், 1 மைக்ரோநொடியில் ஒரு லிப்பிட் நகர்வது 5, 6 நானோமீட்டர்தான். அடுக்குக்கு 150 பிஓபிசி போட்டால் பெட்டியின் பக்கமே சுமார் 10 நானோமீட்டர். ஆக, ஒரு மைக்ரோநொடி ஓடிய சார்ம் சிமுலேஷனில் லிப்பிடுகள் பெட்டி முழுக்கக் கலந்து முடிந்திருக்காது; பெப்டைடின் அக்கம்பக்கத்தில் நீங்கள் முதலில் உட்கார வைத்த அமைப்பின் சாயல் இன்னும் இருக்கலாம். கொலஸ்ட்ரால் கூடினால் நகர்வு இன்னும் மந்தம். அங்கே 'கொலஸ்ட்ரால் திரள்கிறது' என்று எழுதினால், அது தொடக்க அமைப்பின் எதிரொலியாகவே இருக்கலாம். மார்ட்டினியில் பல பத்து மைக்ரோநொடிகள் ஓட்டி, வேறு வேறு தொடக்கங்களிலிருந்து ஒரே விடை வருகிறதா என்று பார்க்க முடியும். அதன் நேரக்கணக்கை மட்டும் நிஜ நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மணிகள் வழுக்கிக்கொண்டு ஓடும்.

மார்ட்டினியில் தொல்லைகளும் உண்டு. பெப்டைடின் இரண்டாம் நிலை அமைப்பு (ஹெலிக்ஸ் எனும் சுருள் போன்ற வடிவம்) தொடக்கத்திலேயே பூட்டப்படும். ஹெலிக்ஸ் பிரிவதை அதில் தேடாதீர்கள். கோப்பு தயாரிக்கும்போது துண்டின் கடைசி முனையான சி-முனைக்குத் தானாக எதிர் மின்சுமை விழும். அந்த முனை நிஜத்தில் புரதத்தோடு தொடர்வதால் நடுநிலையாக்குங்கள். தொடக்க முனையான என்-முனை உண்மையான முனை, அதன் சுமையை அப்படியே இருக்க விடுங்கள். கொலஸ்ட்ரால் இருக்கும்போது, பிணைப்பு நீளங்களை மாறாமல் வைக்கும் லிங்க்ஸ் (LINCS) கணக்கீட்டின் ஆர்டர் இயல்பான 4-இலேயே நின்றால், மூலக்கூறு வகைக்கு வகை வெப்பநிலை வேறுபடும். ஆர்டரை 8-ஆக்கி, லிங்க்ஸின் திருத்தச் சுற்றையும் (iter) 2 ஆக்குங்கள்.

பெப்டைடு மடிவது, ஹைட்ரஜன் பிணைப்பு, சவ்வுக்குள் இழுபடும் தண்ணீர் இவையெல்லாம் சார்மின் களம். எண்டோசோமின் பிஹெச் 5-க்கேற்ப 11-ஆவது குளுட்டமேட்டுக்குப் புரோட்டான் வைப்பதா என்பதை இரண்டிலுமே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும். கிளைக்கான் (சர்க்கரைச் சங்கிலி) போர்த்திய முழு ஸ்பைக் புரதத்துக்கு இந்தப் பரிந்துரையை அதே உறுதியோடு சொல்ல மாட்டேன்.

மார்ட்டினி ஓட்டத்தில் நிலைத்த ஃபிரேம்கள் (ஒரு கணத்து அமைப்புகள்) சிலவற்றை அணு அளவுக்குத் திருப்பி, பெப்டைடின் முதுகெலும்புச் சங்கிலியைக் கட்டிப்போட்டு, 1 ஃபெம்டோநொடி அடியில் தளர்த்தி, பிறகு 2-க்குப் போங்கள். கொலஸ்ட்ரால் வளையத்துக்குள் லிப்பிட் வால் கோத்துக்கொண்டிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்; ஆற்றலைக் குறைக்கும் ஓட்டம் அந்த முடிச்சை அவிழ்க்காது.