கல்லீரலில் எடுத்த சீழைக் கொட்டிவிட்டு கல்ச்சருக்குக் காசு வாங்கினார்கள்

வீட்டில் சுகர் இருக்கிற யாராவது வயலில் இறங்கி வேலை பார்க்கிறவராக இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அப்பாவுக்கு 58 வயசு, 12 வருஷமாகச் சுகர். தாளடி நடவு முடிந்த கொஞ்ச நாளில் குளிர்காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே கை வைத்தாலே துடித்தார். பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, கல்லீரலில் சீழ்க்கட்டி என்றார்கள். அதுவரை சரிதான். "அமீபாதான், பத்து நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லி மெட்ரோனிடசோலும் செஃப்ட்ரையாக்ஸோனும் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் ஊசி போட்டுச் சீழை எடுத்தார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். ட்ரே நிறையக் காவி நிறத்தில் சீழ். வார்டு பையன் அதை அப்படியே வாஷ்பேசினில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டான்.

"டெஸ்டுக்கு அனுப்பணுமே சிஸ்டர்?"

"எடுத்து வச்சாச்சு தம்பி."

பில்லில் கல்ச்சர் (சீழில் என்ன கிருமி என்று லேபில் வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) என்று 1,400 ரூபாய். ரிப்போர்ட் கேட்டால் நாளைக்கு, நாளை மறுநாள். கடைசியில்தான் சாம்பிள் லேபுக்கே போகவில்லை என்று தெரிந்தது. காய்ச்சல் 16 நாளாக விடவில்லை. "டிபியா இருக்கலாம்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து போன பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா என்ன வேலை பாக்குறாரு?" அப்பாவின் பாதத்தைத் தூக்கிப் பித்தவெடிப்பைப் பார்த்தார். ஸ்கேனில் கட்டி தேன்கூடு மாதிரி இருந்தது, மண்ணீரலிலும் சின்னச் சின்னதாக. சீழையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு அனுப்பினார். வந்த பதில்: மெலியாய்டோசிஸ்.

நமக்குத்தான் பேர் புதுசு. 1911-லேயே ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு டாக்டர்கள் கண்டுபிடித்த நோய் இது. சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற பாக்டீரியா, தோல் வெடிப்பு வழியாக உள்ளே போகும். மழைக்காலத்தில் அதிகம், சுகர்காரர்களைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். மெட்ரோனிடசோல் இதற்குக் கேட்காது, செஃப்ட்ரையாக்ஸோனை நம்ப முடியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். கல்லீரலில் கட்டி இருந்ததால் அப்பாவுக்கு 4 வாரம் ஏற்றினார்கள். அதன் பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். இந்த மாத்திரைக்கு ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீழ் எடுக்கிற அன்றைக்கே எந்த லேப், சாம்பிள் நம்பர் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட்டில் வெறும் 'சூடோமோனாஸ்' (இது வேறொரு பாக்டீரியா) என்று வந்தால், ஒருவேளை மெலியாய்டோசிஸாக இருக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழக்கமில்லாத லேபில் இரண்டு கிருமியையும் மாற்றிச் சொல்லிவிடலாம்.

அப்பா இப்போது மாத்திரையில் இரண்டாவது மாதம். 9 கிலோ இறங்கியிருக்கிறார், வரப்பு வரைக்கும் நடக்கிறார். அந்த 1,400 ரூபாயையும் கேஸ் ஷீட் நகலையும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.