1937 ஏஏஆர் பொக்ஸ் கார் ரெசின் கிட் – ஹட்டன் பக்கம் இருந்து ஒரு ரிவியூ

நேரா விஷயத்துக்கு வர்றேன். இது அமெரிக்காவுல ஓடுன மூடுன சாமான் பொட்டி (பொக்ஸ் கார்) ஒண்ணோட மொடல், ரெசின்ங்குற வார்ப்புப் பிளாஸ்டிக் துண்டுகள நாமளே ஒட்டி செய்யணும். கிட் நல்ல கிட் தான், வார்ப்பு அவ்ளோ சுத்தம். ஆனா உள்ள குடுத்திருக்க எல்லாத்தையும் அப்படியே ஒட்டி முடிச்சீங்கன்னா எந்த வருஷத்துலயும் தண்டவாளத்துல ஓடாத ஒரு பொட்டி தான் கையில இருக்கும். ஏன்னு கீழ சொல்றேன். கம்பனி பேரு போடப்போறதில்ல, அமெரிக்காவுல ரெண்டு மூணு பேரு சேந்து நடத்துற சின்ன எடம், குறையும் சொல்லப்போறேன், அதனால வேணாம்.

எச்ஓ ஸ்கேல், 87ல ஒண்ணு. 40 அடி ஸ்டீல் பொக்ஸ் கார், சாண்டா ஃபே ரயில்வேக்கு உள்ளது. கையில வச்சா 14 சென்டிமீட்டர் சொச்சம் தான் வரும், ஜன்னல் ஓரத்துல ஒரு பலகை அடிச்சு அதுல ரெண்டு தண்டவாளம் போட்டு வச்சிருக்க என்ன மாதிரி ஆளுக்கு இதான் சரியான சைஸ். லயத்து வீட்ல ரூம் முழுக்க லேஅவுட் போட ஏது எடம்.

1937 ஏஏஆர்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு, அமெரிக்காவுல ரயில்வே கம்பனிங்க எல்லாம் சேந்து வச்ச சங்கம் தான் ஏஏஆர், அவங்க 1932ல வந்த பழைய டிசைன எடுத்து உள் உயரத்த 9 அடி 4 அங்குலத்துல இருந்து 10 அடியாக்கி 1937ல ஒரு பொது டிசைன் விட்டாங்க, அதப் பாத்து ஆளாளுக்கு ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளிட்டாங்க. கொஞ்ச வருஷத்துல உயரம் இன்னும் 6 அங்குலம் ஏறிருச்சு. தூரத்துல நின்னு பாக்குறப்போ எல்லாம் ஒரே பொட்டி மாதிரி தான் தெரியும். கிட்டப்போய் ரெண்டு முனையிலயும் இருக்க சுவர் தகட்ட பாக்கணும், மேடு மேடா அழுத்தியிருப்பாங்க, 10 அடி காருக்கு மேல் தகட்டுல 4 மேடு, கீழ் தகட்டுல 5, பத்தரை அடி காருக்கு ரெண்டுலயும் 5. இந்த கிட்ல 4ம் 5ம் சரியா இருக்கு, மேடு ஒவ்வொண்ணும் ஓரத்துல ஒல்லியாகி முடியுற எடம் கூட கூர்மையா வந்திருக்கு, லென்ஸ் வச்சு பாத்தா தான் அதோட அருமை தெரியும். கதவு யங்ஸ்டவுன்ங்குற வகை, 6 அடி அகலம், அதுவும் அருமை. ரிவெட் வரிசைய எங்கயும் தேய்ச்சு அழிக்கல.

உடம்பு ஒரே துண்டா வார்த்திருக்காங்க, சுவர் நாலும் கூரையும் சேந்தே வருது, அதனால மூலை சேக்குற தலைவலி இல்ல. அடித்தளம் மட்டும் தனி, என்னோடது லேசா வளைஞ்சு தான் வந்துச்சு, ரெசின்னா இது சகஜம், சுடுதண்ணியில போட்டு எடுத்து கண்ணாடி மேல வச்சு பாரம் ஏத்துனா நேராகிரும். ஒட்டுறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு எல்லாத்தையும் கழுவிருங்க, அச்சுல இருந்து வர்ற எண்ணெய் இருந்தா பெயின்ட் உரிஞ்சிரும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

இப்ப பிரச்சினைக்கு வருவோம். டெகல் ஷீட்ல, அதான் தண்ணியில ஊற வச்சு ஒட்டுற எழுத்து, படத் தாள்ல, சாண்டா ஃபே மேப் குடுத்திருக்காங்க, வளைஞ்ச கோடு போட்ட பழைய மேப். ஒரு பக்கத்துல மேப்பு, மறுபக்கத்துல சூப்பர் சீஃப், எல் கேப்பிட்டன்னு அவங்க பயணிகள் ரயிலோட பேரு. அந்த பழக்கம் 1940 வாக்குல தான் ஆரம்பிச்சுச்சு, அப்புறம் நேர்கோட்டு மேப்புக்கு மாறிட்டாங்க. எடைக்குப் பக்கத்துல போடுற தேதியும் 1940 தான் குடுத்திருக்காங்க. சரி, 1940ல புதுசா பெயின்ட் அடிச்ச கார்னு வச்சுப்போம். ஆனா கூரை மேல ஒட்ட குடுத்திருக்க நடைபாதை என்னன்னா மெல்லிசா எட்ச் பண்ணுன உலோக வலை. அந்த மாதிரி ஸ்டீல் நடைபாதை புதுக் கார்களுக்கு பொதுவா வந்தது ரெண்டாம் உலகப்போர் முடியுற காலத்துல, 1940ல பெரும்பாலும் மரப்பலகை தான். அதோட வழிகாட்டி தாள்ல சக்கர டிரக் (பொட்டிக்கு அடியில சக்கரத்த தாங்குற சட்டம்) எது வேணும்னாலும் போடுங்க, 50 டொன்னா இருந்தா போதும்னு போட்டிருக்கு, படத்துல போட்டிருக்கதோ போர்க்காலத்துல வந்த ரைட் கன்ட்ரோல்ங்குற டிரக் வகை. எழுத்து ஒரு வருஷம், கூரை ஒரு வருஷம், சக்கரம் ஒரு வருஷம். கல்யாண வீட்டு போட்டோவுல தாத்தா கையில ஸ்மார்ட் போன் இருந்தா எப்படி இருக்கும், அப்படி.

சும்மா நொட்ட சொல்றேன்னு நெனைக்காதீங்க, இவ்ளோ காசு குடுத்து ரெசின் கிட் வாங்குறதே இதுக்காகத் தான? ஓடுனா போதும்னா மூணுல ஒரு பங்கு விலையில பிளாஸ்டிக் பொட்டி கெடைக்கும்.

அடிப்பக்கம் ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க, அத சொல்லியே ஆகணும். 1933க்கு பிறகு புதுக் காருக்கெல்லாம் ஏபிங்குற வகை காத்து பிரேக், அதுல வால்வு ஒரு எடத்துல, காத்துத் தொட்டி ஒரு எடத்துல, சிலிண்டர் ஒரு எடத்துல தனித்தனியா தொங்கும். அதுக்கு முந்தின கே வகை பிரேக்ல மூணும் பெரும்பாலும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கும், அத வச்ச கார 1953க்கு பிறகு மத்த கம்பனி லைன்ல விடவே மாட்டாங்க. கிட்ல ஏபி செட்டு குடுத்திருக்காங்க, வால்வுல குழாய் போய் சேர்ற எடத்துல குட்டி குட்டி ஓட்டைக்கு அடையாளம் கூட இருக்கு, ஊசி டிரில் வச்சு தொட்டாலே தானா எடத்துல போய் உக்காருது. பிரேக் லீவர், ராட் எல்லாம் எங்க போகணும்னு ஒரு தெளிவான படமும் இருக்கு. ஆனா மிச்ச படமெல்லாம் கருப்பு போட்டோக்கொப்பி, ஏணி எந்த உயரத்துல வரணும்னு கண்டுபிடிக்க கண்ணு போயிரும்.

கைப்பிடி கம்பிக்கு வருவோம். குடுத்திருக்கது 0.38 மில்லிமீட்டர். அத 87ஆல பெருக்கிப் பாருங்க, 33 மில்லிமீட்டர், அதாவது தண்ணி பைப்பு கணக்கு. நெஜ கைப்பிடி முக்கால் அங்குலம், 19 மில்லிமீட்டர், அப்போ மொடலுக்கு 0.22 வேணும். டவுன்ல மோட்டர் வைண்டிங் கடையில கேட்டா பழைய செப்புக் கம்பி சும்மாவே குடுப்பாங்க, அதுல மெல்லிசா பாத்து எடுங்க. ஒரு முனைய வைஸ்ல புடிச்சு மறுமுனைய குறட்டால இழுத்தா கம்பி லேசா நீளும், அப்ப நேராவும் ஆகிரும், பாக்க ஸ்டீல் மாதிரி விறைப்பா நிக்கும். மேல இருக்க வார்னிஷ பிளேடால சுரண்டிருங்க, இல்லாட்டி சூப்பர் க்ளூ புடிக்காது. கிட்டார் கம்பியும் சைஸுக்கு சரியா வரும், ஆனா வளைக்கிறதுக்குள்ள விரல்ல குத்திரும்.

நடைபாதைக்கு நான் போட்டது பழைய கல்யாண கார்ட். நல்ல கெட்டி கார்டா பாத்து 1.7 மில்லிமீட்டர் அகலத்துல பட்டை பட்டையா வெட்டி, ஊசியால நார் கோடு இழுத்து, சூப்பர் க்ளூவ ஊற விட்டா பலகை தோத்துச்சு. மூணு பட்டை, நடுவுல மயிரிழை இடைவெளி. ஒரு பட்டைய மட்டும் வேற நெறத்துல விட்டேன், பழைய பலகை உடைஞ்சு புதுசு மாத்துன மாதிரி.

பக்கத்து வீட்டு மாமா ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு, டீ குடிக்க வந்தவரு இத கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு கேட்டாரு, "ஏன் தம்பி, கூரைக்கு மேல எதுக்கு பலகை?"

"பிரேக் போட ஆளு மேல நடந்து போவான் மாமா, ஒரு பொட்டியில இருந்து அடுத்த பொட்டிக்கு தாவி."

"கோச்சி ஓடிக்கிட்டு இருக்கும்போதா? நல்லா இருக்கே கதை. நம்ம சிங்கமலை டனலுக்குள்ள மேல நின்னா தலை இருக்குமா? நம்ம சாமான் பொட்டிக்கு பக்கத்துலயே நீளமா லீவர் இருக்கும், கீழ நின்னே அமுக்கிரலாம்."

அவரு சொன்னது சரி தான், இங்க வந்தது பிரிட்டிஷ் முறை, நாலு சக்கரம், பக்கத்துல கை லீவர், முனையில பஃபர், கொக்கி. அமெரிக்காவுலயும் காத்து பிரேக் வந்த பிறகு அந்த மேல் நடை கொறைஞ்சிருச்சு, ஆனா பலகை மட்டும் போகல, 1966ல இருந்து தான் புதுக் காருக்கு அது வேணாம்னு விட்டாங்க. ஆக கூரையில பலகையா, வலையா, ஒண்ணுமே இல்லையான்னு பாத்தாலே அந்த கார் எந்தக் காலத்துதுன்னு பாதி சொல்லிரலாம். கிட் செஞ்சவங்க இதுல கோட்டை விட்டது தான் எனக்கு ஆத்தாமை.

நம்ம ஊரு சீதோஷ்ணத்துக்கு ரெண்டு வார்த்தை. ஜூன் ஜூலை மாசத்துல ஹட்டன், தலவாக்கலை பக்கம் மூடுபனிக்குள்ள ஜன்னல தொறந்து வச்சு சூப்பர் க்ளூ ஒட்டுனா சுத்திவர வெள்ளையா பூத்துரும், கருப்பு பெயின்ட் மேல நல்லாவே தெரியும். லெக்கர் பெயின்ட் அடிச்சாலும் பால் ஊத்துன மாதிரி வெளுத்துரும். சப்பாத்துப் பெட்டியில வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்த எல்லாம் தூக்கிப் போடாம சேத்து வச்சு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுல மொடலோட போட்டு வைங்க. பெயின்ட் அடிக்க வெயில் வர்ற நாளுக்கு காத்திருக்கணும், வேற வழி இல்ல. டெகல் மட்டும் இந்த ஈரத்துக்கு நல்லா படியுது, அந்த மேப்புல இருக்க ஊர் கோடெல்லாம் ரிவெட் மேல அப்படியே இறங்கி ஒட்டிருச்சு, இந்த விலைக்கு நான் பாத்த டெகல்ல இதான் முதல் தரம்.

கூரைக்கு ஒரு சின்ன வேலை, விருப்பம்னா செய்யலாம். அந்தக் காலத்து துத்தநாகம் பூசுன கூரைத் தகட்டுல பெயின்ட் நிக்காது, திட்டு திட்டா உரிஞ்சு வெள்ளித் தகடு வெளிய தெரியும், சுவர் மட்டும் செம்மண் நெறத்துல நல்லாவே இருக்கும். முதல்ல வெள்ளி நெறம் அடிச்சு, மேல ஹேர் ஸ்ப்ரே, அதுக்கு மேல செம்மண் நெறம், காஞ்ச பிறகு ஈர பிரஷால தட்டித் தட்டி எடுத்தா அப்படியே வரும். ரொம்ப எடுத்துறாதீங்க, 1940 பெயின்ட்னா கொஞ்சம் தான் உரிஞ்சிருக்கணும்.

எடைக்கு அமெரிக்க மொடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ கணக்குப்படி முதல்ல ஒரு அவுன்ஸ், அப்புறம் நீளத்துல ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் கூட்டணும், இந்த காருக்கு 107 கிராம் வாக்குல வரும். ரெசின் உடம்பு காத்து மாதிரி லேசு. டயர் கடையில வீல் பேலன்ஸ் பண்ண ஒட்டுற 5 கிராம் கட்டி இருக்குல்ல, பின்னாடி பசையோட வரும், அத வாங்கி உள்ள ஒட்டிட்டு அடித்தளத்த மூடுனா சரி. மூடுறதுக்கு முன்னாடியே எடை போட்டுருங்க.

சக்கர டிரக்கும் கப்ளரும் (பொட்டியோட பொட்டிய கோக்குற கொக்கி) கிட்ல கெடையாது, இது பெட்டியில சின்ன எழுத்துல தான் போட்டிருக்கு, கவனிங்க. கப்ளருக்கு கேடீ கம்பனியோடது தான், அதுல பேச்சே இல்ல. சக்கரம் வாங்குறப்போ கோட் 110 வாங்காதீங்க, அந்த நம்பர் சக்கரத்தோட அகலம், அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல, 87ஆல பெருக்குனா 9.6 அங்குலம் வருது, உண்மையான சக்கரம் 6 அங்குலத்துக்கும் உள்ள. கோட் 88 கொஞ்சம் மெல்லிசு, பின்னால இருந்து பாக்குறப்போ வித்தியாசம் நல்லா தெரியும்.

விலைக்கு வருவோம். கிட் மட்டும் 50 டொலர் சுத்தி, நம்ம காசுக்கு 15,000 தாண்டும், சக்கரம், கப்ளர், கூரியர், சுங்கம் எல்லாம் சேத்தா மனுசன் கணக்கு பாக்கக்கூடாது. பார்சல் வந்த எடத்துல பெட்டிய தொறந்து பாத்துட்டு திரும்ப சரியா மூடாம அனுப்பிட்டாங்க, ஏணி ஒண்ணு உடைஞ்சு தான் வந்துச்சு, அது கிட்காரங்க தப்பு இல்ல, மெயில் போட்டதும் புது ஏணி கவர்ல வச்சு அனுப்பிட்டாங்க. காசும் கேக்கல. அதுக்காக ஒரு ஸ்டார் கூட போடலாம்.

அப்ப நம்ம ஊரு பொட்டி ஏன் செய்யலன்னு கேப்பீங்க, நியாயம் தான். நம்ம மெயின் லைன்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 5 அடி 6 அங்குலம், எச்ஓவுல அதுக்கு 19.2 மில்லிமீட்டர் தண்டவாளம் வேணும், கடையில கெடைக்கிறது 16.5. பொட்டிய சரியா செஞ்சு அதுல வச்சா இடுப்பு ஒடுங்கி நிக்கும். ஆனா ஒண்ணு பொருந்துது, நானுஓயாவுல இருந்து நுவரெலியா வழியா ராகலைக்கு 1900களோட ஆரம்பத்துல போட்டு 1940கள்ல மூடுன அந்த உடப்புசல்லாவ சின்ன லைன். அது 2 அடி 6 அங்குலம், எச்ஓவுல 8.75 மில்லிமீட்டர், N ஸ்கேல்ங்குற இன்னும் சின்ன மொடலுக்கு விக்கிற தண்டவாளம் 9. கால் மில்லிமீட்டர் வித்தியாசத்த யாரு பாக்கப்போறா. தேயிலைப் பெட்டி இறங்குறதும் அரிசி மூட்டை ஏறுறதுமா அந்த லைன்ல ஒரு சாமான் கோச்சி செஞ்சா எப்படி இருக்கும். கிட் கெடையாது, எல்லாம் நாமளே வெட்டணும். இந்த பொக்ஸ் கார் பழகுறதுக்கு நல்ல பாடம், பிரேக் குழாய் எங்க போகுது, கம்பி எவ்ளோ தடிப்பு, எந்த வருஷம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு தான் பசைய தொறக்கணும், இதெல்லாம் இதுல கைக்கு வந்துரும்.

முதல் ரெசின் கிட்டா வாங்குறவங்களுக்கு இத சொல்ல மாட்டேன், ரெண்டு பிளாஸ்டிக் கிட் செஞ்சு பழகிட்டு வாங்க. ஏற்கனவே செய்றவங்க தாராளமா வாங்கலாம், அந்த உலோக வலைய மட்டும் தூக்கி வச்சுட்டு, போருக்குப் பிறகு உள்ள கார் ஏதாவது செய்றப்போ போட்டுக்கங்க, வீணாகாது. அஞ்சுக்கு நாலு.

யாருகிட்டயாவது ராகலை லைன் சாமான் பொட்டியோட பக்கவாட்டு போட்டோ இருந்தா, பிரேக் லீவர் தெரியுற மாதிரி, கீழ போடுங்க. கடுகண்ணாவ ரயில்வே மியூசியத்துக்கு போறவங்க பழைய பொட்டி எது கண்ணுல பட்டாலும் பக்கத்துல ஒரு அடி ஸ்கேல சாத்தி வச்சு எடுங்க, அளவு கணக்கு பண்ண வசதியா இருக்கும்.