கூடலூரில் காலைச் சாப்பாடு: புட்டு, பத்திரி, தேங்காய் ரொட்டி

நீலகிரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் காலைச் சிற்றுண்டியைத் தங்கியிருக்கும் விடுதியிலேயே முடித்துக்கொண்டுதான் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். ஊட்டியானாலும் குன்னூரானாலும் அந்தச் சிற்றுண்டி ஏறக்குறைய ஒன்றுதான்: இட்லி, வடை, பொங்கல், பூரி கிழங்கு, பக்கத்தில் டோஸ்ட்டும் ஆம்லெட்டும். இவற்றின் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் பல திசைகளிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய மக்கள் தத்தம் வீடுகளில் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் ஊர் கூடலூர். ஊட்டியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் இறங்கி வர வேண்டும். அதற்கான பலன் உண்டு.

கூடலூரில் இது வாய்ப்பதற்குக் காரணம் அந்த ஊரின் வரலாறு. கூடலூரும் பந்தலூரும் ஒரு காலத்தில் மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாக இருந்து, 1877-இல் நீலகிரியோடு சேர்க்கப்பட்டவை. ஆகையால் மலையாளிகளின் சமையல் இங்கே வெளியிலிருந்து வந்து நுழைந்த ஒன்றல்ல. இந்த மண்ணிலேயே இருந்தது. அதன் பிறகு 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கை வந்தது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று அதில் முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968-இல் தேயிலை பயிரிடத் தொடங்கியது. பிறகு டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது அதுதான். அதன் தோட்டங்களில் பல தேவாலா, பந்தலூர், சேரம்பாடி வட்டாரத்தில் இருக்கின்றன. கண்டியிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் தங்கள் அடுப்படிப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன.

முதலில் கடைவீதியில் உள்ள மலபார் சாப்பாட்டுக் கடையைச் சொல்கிறேன். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். காலை ஆறரை மணிக்கு அங்கே புட்டுக் குடங்கள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கடையை நான் மதிப்பதற்கு முதல் காரணம், புட்டைக் கேட்ட பிறகுதான் குழலில் நிரப்புகிறார்கள் என்பது. வறுத்த அரிசி மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்துப் பிசிறி வைத்திருக்கிறார்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில்தான் மாவு இருக்கிறது. தேங்காய்த் துருவல் ஒரு பிடி, மாவு இரண்டு பிடி, மறுபடியும் துருவல் என்று அடுக்கிக் குடத்தின் மேல் பொருத்தி, மூடியின் துளை வழியே ஆவி தடையில்லாமல் வந்த பிறகும் சில நிமிடங்கள் விட்டு, குச்சியால் தள்ளித் தட்டில் இறக்குகிறார்கள். வறுத்தரைத்த தேங்காய் சேர்த்த கடலைக் கறி கெட்டியாகவும் கரிய பழுப்பு நிறத்திலும் இருக்கிறது. கடலை நசுங்குகிற அளவுக்கு வெந்திருந்தாலும் தோல் கழன்று மிதப்பதில்லை. கறி வேண்டாதவர்கள் பழமும் பப்படமும் கேட்கலாம். புட்டை உடைத்துப் பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் போட்டுப் பிசைந்து சாப்பிடும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து மேசைகளில் உட்காரும் ஓட்டுநர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

அதே கடையில் சில நாட்களில் பத்திரியும் இருக்கும். கொதிநீரில் பிசைந்த அரிசி மாவைத் தாள் போலத் தேய்த்து, எண்ணெய் இல்லாத கல்லில் சுட்டு, தேங்காய்ப் பால் தடவி அடுக்குகிறார்கள். மலபார் இஸ்லாமியர் வீடுகளின் இந்தப் பலகாரத்தைச் சமவெளித் தமிழர்கள் பலர் இரவுச் சாப்பாடு என்றே நினைத்திருக்கிறார்கள். காலையில் முந்தைய நாள் கோழிக் கறியைச் சூடாக்கி அதோடு சாப்பிடும்போது அதன் மென்மை வேறு விதமாகத் தெரிகிறது. அடுக்கின் அடியில் இருப்பவை சீக்கிரம் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது ஒரு குறை. எட்டரை மணிக்கு மேல் பத்திரி கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

நேரம் இங்கே பெரிய விஷயம். பந்திப்பூர் காட்டின் வழியே செல்லும் சாலையில் 2009-இலிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் மைசூர்ப் பக்கம் காத்திருந்த லாரிகளும் சுற்றுலாக் கார்களும் முதுமலையைக் கடந்து, ஏழரை எட்டு மணி வாக்கில் ஒரே கூட்டமாகக் கூடலூருக்குள் நுழைகின்றன. அந்தக் கூட்டத்துக்காக மெயின் ரோட்டில் உள்ள பெரிய உணவகங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து குவித்துவிடுகின்றன. அப்படி ஓர் உணவகத்தில், வாசல் பலகையில் கேரளக் காலை உணவு என்று எழுதியிருந்ததை நம்பி உட்கார்ந்தேன். வந்த புட்டு நடுவில் சூடாகவும் ஓரங்களில் குளிர்ந்து இறுகியும் இருந்தது. அதற்குத் தொட்டுக்கொள்ளச் சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் வைத்தார்கள். கடலைக் கறி தீர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். தீர்ந்துவிட்டால் புட்டும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு மக்களின் உணவைப் பலகையில் எழுதி விற்கிறவர்கள், அதற்கு உரிய துணைக்கறியையும் சேர்த்துத் தரக் கடமைப்பட்டவர்கள். எதைக் கேட்டாலும் சாம்பாரை ஊற்றிவிட்டால் எல்லா ஊர்ச் சாப்பாடும் நம் ஊர்ச் சாப்பாடாகிவிடும். பிறகு தேடிப் போவதில் என்ன இருக்கிறது?

இனி இந்த விமர்சனத்தை எழுதத் தூண்டிய கடைக்கு வருகிறேன். கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா வழியாகப் பந்தலூர் செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றின் வாசலை ஒட்டி அது இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சுகள், ஒரு விறகடுப்பு, சுவரோரம் ஓர் அம்மி, அவ்வளவுதான். இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மாவும் அவருடைய மருமகளும் நடத்துகிறார்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டும் இடத்துக்கு, போகும் தொழிலாளர்களுக்காகவே நடக்கும் கடை என்பதால், காலையில் இங்கே இட்லி தோசை கிடையாது. தேங்காய் ரொட்டி, சம்பல், பருப்புக் கறி, தேநீர் ஆகியவை மட்டுமே உண்டு.

ரொட்டி என்றதும் சப்பாத்தியையோ பரோட்டாவையோ நினைத்துக்கொண்டு போகக் கூடாது. மைதா மாவில் பாதியளவுக்குக் குறையாமல் தேங்காய்த் துருவலைக் கொட்டி, உப்புச் சேர்த்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைகிறார்கள். அதிகம் அடித்துப் பிசைவதில்லை. பிசைந்தால் ரொட்டி ரப்பராக இழுக்கும் என்று மருமகள் சொன்னார். எலுமிச்சையளவைவிடப் பெரிய உருண்டைகளாக்கிச் சிறிது நேரம் மூடி வைத்து, பிறகு எண்ணெய் தொட்ட வாழையிலைத் துண்டின் மேல் உள்ளங்கையால் தட்டுகிறார்கள். குழவி இல்லாமல் கையாலேயே தட்டுவதால் ஓரம் ஒரு சீராக இருக்காது. அரை விரல் கனம் இருக்கும். இரும்புக் கல்லில் தீயைத் தணித்துப் போட்டு, ஒரு பக்கம் பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் திருப்பிப் போடுகிறார்கள். தேங்காய் கருகத் தொடங்கும் வாசனை வரும்போது எடுத்துவிட வேண்டும். அந்த அம்மா கல்லைப் பார்ப்பதே இல்லை. வாசனையை வைத்தே கை போகிறது. பிய்த்தால் வெளித்தோல் மொறுமொறுப்பாகவும், உள்ளே மாவு மிருதுவாகவும், இடையிடையே தேங்காய் இழைகள் வெள்ளையாகவும் தெரியும்.

அதோடு வரும் சம்பல் கட்டைச் சம்பல். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கல்லுப்பு ஆகியவற்றை அம்மியில் தண்ணீரே விடாமல் தட்டி, எலுமிச்சை பிழிகிறார்கள். மிளகாய் விழுதாக அரைபடாமல் செதில் செதிலாக நிற்கிறது. வெங்காயத்தின் நீர் மட்டுமே அதற்குப் பசை. காரம் கடுமையானது. ரொட்டியில் உள்ள தேங்காயின் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்து அந்தக் காரத்தை அடக்குகின்றன என்பதை இரண்டாவது வாயில்தான் உணர முடியும்; சட்னியால் இந்த வேலையைச் செய்ய முடியாது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காரில் வந்த குடும்பத்தினர், சம்பல் வேண்டாம், தேங்காய்ச் சட்னி இருக்குமா என்று கேட்டார்கள். “தேங்காய்தான் ரொட்டிக்குள்ளேயே இருக்கே தம்பி, மறுபடி எதுக்கு? காரம் ஆகாதுன்னா பருப்பு ஊத்திக்குங்க, சீனி வச்சும் பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்,” என்றார் அந்த அம்மா. குழந்தைகள் சர்க்கரையோடு சாப்பிட்டு மேலும் கேட்டார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் விதத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டு ரொட்டியை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மேலும் ஒன்றோ இரண்டோ சம்பலோடு வாழையிலையில் சுற்றி வாங்கிச் செல்கிறார்கள். கூடை கட்டிக்கொண்டு மேட்டில் கொழுந்து பறிப்பவர்களுக்குப் பத்து மணிக்குக் கையிலேயே வைத்துப் பிய்த்துத் தின்னக்கூடிய, சிந்தாத, நடுப்பகல் வரை பசி தாங்குகிற ஓர் உணவு தேவை. இந்த ரொட்டி ஏன் இத்தனை கனமாக இருக்கிறது, ஏன் அதன் துணைக்கறி குழம்பாக இல்லாமல் உலர்ந்த சம்பலாக இருக்கிறது என்பது அவர்கள் பொட்டலம் கட்டுவதைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஆறிய ரொட்டி கெட்டிப்பட்டுவிடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் கல்லிலிருந்து எடுத்த சூட்டிலேயே சாப்பிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. பருப்புக் கறி சில நாட்களில் நீர்த்துப்போய், மஞ்சள் வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் வருகிறது. தேநீரில் இனிப்பு அதிகம். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் குறைத்துத் தருகிறார்கள். மாசிக் கருவாடு சேர்த்த தேங்காய்ச் சம்பல் எப்போதாவதுதான் கிடைக்கும், ஆகவே சைவம் சாப்பிடுகிறவர்கள் எந்தச் சம்பல் என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். கை கழுவ ஒரு வாளித் தண்ணீர்தான் இருக்கிறது. கார் நிறுத்த இடமில்லை. நான் போனபோது இரண்டு ரொட்டி, சம்பல், பருப்பு, தேநீர் எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள் அடங்கியது. அந்தத் தரத்துக்கு அது மிகக் குறைந்த விலை என்றே சொல்வேன்.

எதிர்பார்த்துப் போய்க் கிடைக்காதவற்றையும் குறிப்பிட வேண்டும். கர்நாடக எல்லை இவ்வளவு அருகில் இருந்தும், அக்கி ரொட்டியை நான் கூடலூரில் எங்கும் பார்க்கவில்லை. படுகர் வீடுகளின் ராகிக் களியும் அவரைக் குழம்பும் ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்து வீடுகளில் விருந்தினருக்குக் கிடைக்கின்றனவே தவிர, காலையில் அவற்றைப் பரிமாறும் கடை என் கண்ணில் படவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது மற்றொன்று. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகியோர் இந்த வட்டாரத்தின் மூத்த குடிகள். அவர்களுடைய உணவில் ஒன்றுகூட எந்தக் கடைப் பலகையிலும் இல்லை. சுற்றுலாவை நம்பிப் புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் இன்னுமொரு மோமோ கடையைத் திறப்பதற்கு முன் இதை யோசிக்கலாம். அந்த மக்களே நடத்துவதாக இருந்தால் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கடைவீதியில் உள்ள மலபார் கடைக்கு ஏழு மணிக்கு முன்பாகப் போய்விடுங்கள். ரொட்டிக் கடையில் எட்டு மணிக்கு மேல் மாவு மிஞ்சுவது அரிது. ஆனால் விடியும் முன் தேவாலாச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம், அந்த நேரத்தில் யானைகள் சாலையைக் கடக்கும். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கூடலூரிலிருந்து புறப்பட்டாலும் நேரம் போதும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தேவாலாப் பக்கம் மழை மிகக் கடுமையாகப் பெய்யும். மண் சரிந்து சாலை அடைபட்டிருக்கிறதா என்று கூடலூரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், பார்சல் வேண்டுமென்றால் எவர்சில்வர் டப்பாவையும் தண்ணீர்ப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லாததால் ரொட்டிக் கடையும் திறப்பதில்லை.