வங்கியா, சிறிய பணப்பரிமாற்ற நிறுவனமா?

சிங்கப்பூரின் நிதித்தொழில்நுட்பத் துறையில், சில ஆண்டு அனுபவமுள்ள ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் (செயலியின் திரை முதல் தரவுத்தளம் வரை எல்லாவற்றையும் உருவாக்கும் மென்பொருளாளர்) பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வங்கியில் வேலையின் வேகத்தை விதிமுறைகளே தீர்மானிக்கின்றன. முக்கியக் கணினி அமைப்பு எதுவும் எந்த 12 மாதங்களிலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது என்றும், பெருங்கோளாறு தெரியவந்த 1 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் நாட்டின் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் விதித்திருப்பதால், சிறு மாற்றம்கூட மறுஆய்வு, சோதனை, ஒப்புதல் ஆகியவற்றைக் கடந்தே வாடிக்கையாளரைச் சென்றடைகிறது. இதைத் தாமதம் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் ஒரே தொகை இருமுறை கழியாமல் காப்பது, தணிக்கைக்குத் தடம் பதிப்பது, பாதியில் அறுந்த பரிவர்த்தனையைச் சரிசெய்வது ஆகியவற்றை இந்தக் கட்டுப்பாடுதான் ஆழமாகக் கற்றுத்தருகிறது என்பது என் உறுதியான கருத்து.

சிறிய நிறுவனத்தில் திரை வடிவமைப்பு, தரவுத்தளம், பேநவ் (சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்றுச் சேவை) இணைப்பு, நள்ளிரவு எச்சரிக்கை எல்லாவற்றையும் ஒருவரே கவனிக்க நேர்வதால் பார்வை விரிவடைகிறது. கட்டணச் சேவைகள் சட்டம் 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்தபின் இந்நிறுவனங்களும் அதன் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. ஊதியத்தின் ஒரு பகுதியைப் பங்குகளாகத் தர முன்வந்தால், அதை ரொக்கமாக எண்ணிவிடக் கூடாது.

தமிழகத்திலிருந்து வருவோர் வேலை அனுமதி அட்டையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிதிச்சேவைத் துறையில் எம்பிளாய்மென்ட் பாஸுக்கான (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி அட்டை) குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரியில் 6,200 சிங்கப்பூர் வெள்ளியாக (டாலர்) உயர்த்தப்பட்டது. வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடுகிறது. அந்த அட்டை குறிப்பிட்ட முதலாளியோடு பிணைந்தது, வேலை போனால் அதுவும் போய்விடும் என்பதால், குடும்பத்தோடு குடியேறுபவருக்கு முதல் சில ஆண்டுகளுக்கு வங்கியையே பரிந்துரைப்பேன்.